மாப்பிள்ளை க்ரூக்

இங்கிலீஷ் டீச்சராக இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. டவுன்ஷிப்பில் யாருக்கு எந்த இங்கிலீஷ் வார்த்தையில் சந்தேகம் வந்தாலும் நேரே என்னிடம் வந்துவிடுவார்கள். மருந்து அட்டையில் இருப்பது, வாஷிங் மெஷின் மூடியில் இருப்பது, எதிர் பிளாக் பையனின் டீஷர்ட்டில் எழுதியிருப்பது எல்லாவற்றுக்கும் நான்தான் அகராதி. கேட்கிறவர்கள் அந்த ஒரு வார்த்தையை மட்டும்தான் கேட்பார்கள். அதை யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று மூச்சு விட மாட்டார்கள். கடையில் கத்தரிக்காயைக் காட்டி விலை கேட்பது போல வார்த்தையைக் காட்டிப் பொருள் கேட்பார்கள். நானும் விலை சொல்வது போலச் சொல்லிவிடுவேன்.

அப்படித்தான் போன கோடை லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போன் செய்தாள். நான் அப்போதுதான் அடுப்பில் பாலை வைத்திருந்தேன்.

"ஏண்டி, க்ரூக்குன்னா இன்னா அர்த்தம்?"

"ஏமாத்துக்காரன். ஃபிராடு. ஏங்க்கா?"

அக்காவுக்குப் பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "நான் சொன்னனா இல்லியா." உடனே லைன் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. பெல்ட் ஓடுகிற இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவருக்கு மெதுவாகப் பேசுவது என்பதே மறந்து போயிற்று. அவர் ரகசியம் சொன்னால் மூன்றாவது குவார்ட்டர்ஸில் ஜன்னலைச் சாத்துவார்கள். சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். மைன்ஸுக்கு நிலம் போய் அதற்குப் பதிலாக வந்த வேலைதான் இது. நிலம் எடுத்த காலத்தில் நடுவில் புகுந்த ஒரு புரோக்கர் மாமாவின் அப்பாவை நன்றாக மொட்டையடித்துவிட்டுப் போனான். அப்போது விருத்தாசலத்தில் ஒரு வக்கீல், "ஹி ஈஸ் எ க்ரூக்" என்று இங்கிலீஷில் சொன்னாராம். மாமா வாழ்க்கையில் பொருள் தெரிந்து, பட்டுணர்ந்து கற்றுக்கொண்ட இங்கிலீஷ் வார்த்தை அது ஒன்றுதான்.

நான் அடுப்பைத் துடைத்து முடிப்பதற்குள் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் வந்து இறங்கிவிட்டார்கள். அக்காவின் மூக்கு சிவந்திருந்தது. மாமா செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"மோசம் போயிட்டோம்" என்றார்.

அக்காவுக்கு ஒரே பெண். சென்னையில் நர்சிங் படித்தவள். நெல்லிக்குப்பத்துப் பையன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பையன் மெல்பர்னில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். இவளும் அங்கே போய் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோ கால் வரும். அன்றைக்குக் கால் வராமல் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. அக்கா அதை எனக்குப் போட்டுக் காட்டினாள்.

"அம்மா, இன்னிக்கு வீடியோ கால் வேணாம்மா. அவரு ரொம்ப க்ரூக்கா இருக்காரு. ஃப்ரெண்ட்ஸோட பீச்சுக்குப் போனாரு இல்ல, அங்கதான் ஆரம்பிச்சுது. கூடப் போன எல்லாருமே க்ரூக்குதான். ஞாயித்துக்கிழமையும் டியூட்டி போட்டிருந்தாங்க, ஆபீசுக்கு இவரே போன் பண்ணி, நான் க்ரூக்குன்னு சொல்லிட்டாரு. அவங்களும் சரி, நீ வராதன்னுட்டாங்க. ராத்திரி பூரா தூக்கமே இல்ல. உள்ள போறதும் வெளிய வர்றதுமாவே இருக்காரு. எல்லாம் வெளிய வந்துட்டா சரியாயிடும். நீ யார்கிட்டயும் சொல்லாத. முக்கியமா நெல்லிக்குப்பத்துல அத்தைக்குத் தெரியவே கூடாது, பயந்துடுவாங்க. நான் பாத்துக்கறேன். எனக்கும் லேசா க்ரூக்கு மாதிரிதான் இருக்குது."

கடைசி வரி வந்ததும் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "என் பொண்ணயும் கெடுத்துட்டான் பாருடி" என்றாள்.

நான் மறுபடி ஒரு தடவை கேட்டேன். எனக்கு ஏதோ உறுத்தியது. "மாமா, எந்தத் திருடன் ஆபீசுக்குப் போன் பண்ணி நான் திருடன்னு சொல்லுவான்?"

"மாட்டிகினு இருப்பான். மாட்டினப்பறம் தானா ஒத்துகினா தண்டன கம்மி."

"அவ குரல்ல பதட்டமே இல்லியே."

"பழகிப் பூட்டிருக்கும்."

க்ரூக் என்றால் ஏமாற்றுக்காரன் என்று பொருள் சொன்னவளே நான்தான். அகராதியைத் திறந்து பார்க்கலாம் என்று அப்போது தோன்றவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தைக்கு யார் அகராதி பார்ப்பார்கள்?

பெண்ணுக்குப் போன் போட்டோம். மணி அடித்து அடித்து நின்றது. மாப்பிள்ளையின் போன் ஸ்விட்ச் ஆஃப். அங்கே ராத்திரியெல்லாம் கண்விழித்தவர்கள் பகலில் தூங்குகிறார்கள் என்று யாருக்குத் தோன்றும்? "போனையும் புடுங்கிகினாங்களோ என்னமோ" என்றாள் அக்கா. யார் பிடுங்கியிருப்பார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாமா எழுந்தார். "நெல்லிக்குப்பம் போறேன். சம்பந்திய நேருக்கு நேரா நாலு கேள்வி கேட்டாத்தான் எனக்கு ஆறும்."

அக்கா தான் வந்தால் அழுதுவிடுவேன் என்று சொல்லிவிட்டாள். அதனால் அவளைக் குவார்ட்டர்ஸில் விட்டுவிட்டு என்னைக் கிளப்பினார்கள். அக்கா என்னைத் தனியாக இழுத்து, "அவரு கைய ஓங்கினா புடிச்சிக்க" என்றாள். மாமா என்னைத் தனியாக இழுத்து, "நான் விட்டுக்குடுத்துட்டா கிள்ளு" என்றார். அந்த ரகசியம் அக்காவுக்கும் கேட்டது.

பண்ருட்டி போய் அங்கே கடலூர் பஸ் மாற வேண்டும். பஸ்ஸில் மாமா ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். "வாங்கன்னு சொன்னா உக்காரக் கூடாது. தண்ணி குடுத்தா குடிக்கக் கூடாது. எடுத்த எடுப்புலயே, உங்க புள்ள லட்சணம் தெரிஞ்சிடுச்சிங்கன்னு போட்டு ஒடச்சிடணும்." முன் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, தன் பிள்ளையைத்தான் சொல்கிறாரோ என்று யோசித்தது போலிருந்தது.

பண்ருட்டியில் இறங்கியதும் மாமா பஸ்ஸைத் தேடாமல் பலாப்பழக் கடைப் பக்கம் நடந்தார்.

"இது எதுக்கு மாமா?"

"சண்டைக்கே போனாலும் சம்பந்தி வூட்டுக்கு வெறுங்கையோட போவலாமா?"

தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, ஆள் தூக்கி நடக்க முடியாத அளவுக்கு ஒரு பழத்தை வாங்கினார். அடுத்த பஸ்ஸில் அதைக் குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு, முள் குத்தாமல் இருக்கத் துண்டை மடித்துக் கீழே போட்டுக்கொண்டு, மிச்ச ஒத்திகையை முடித்தார்.

சம்பந்தி சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மெலிந்த உடம்பு, மெலிந்த குரல். சொல்லாமல் கொள்ளாமல் நாங்கள் வந்து நின்றதைப் பார்த்துத் திகைத்தாலும், "வாங்க வாங்க" என்று ஓடி வந்து பழத்தை வாங்கினார். அதன் கனத்தில் இரண்டு பேரும் சேர்ந்து குனிந்து, சேர்ந்து நிமிர்ந்தார்கள். அந்த நிலையில் லட்சணத்தைப் போட்டு உடைக்க முடியவில்லை. மாமா உட்கார்ந்துவிட்டார். தண்ணீரும் குடித்துவிட்டார். சம்பந்தியம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "சாப்ட்டுத்தான் போவணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மாமா அதற்கும் தலையாட்டினார். நான் லேசாகக் கிள்ளினேன்.

மாமா தொண்டையைக் கனைத்தார். "சம்பந்தி, மாப்பிள்ள... கொஞ்சம் சரியில்லன்னு கேள்விப்பட்டோம்."

சம்பந்தியின் முகம் மாறியது. சமையல்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார். பிறகு நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கும் தெரிஞ்சிடுச்சா? மெதுவா பேசுங்க சம்பந்தி. எனக்குக் காலைலதான் மெசேஜ் அனுப்பினான். அவளுக்கு இன்னும் தெரியாது."

மாமா என்னைப் பார்த்தார். பார்த்தாயா என்று கேட்கிற பார்வை.

"எப்பலேர்ந்து இப்படி?"

"சின்ன வயசுலேர்ந்தே அப்பிடித்தாங்க. இஸ்கூல் படிக்கசொல்லவே அடிக்கடி வாத்தியாரு ஆள் வுட்டு அனுப்புவாரு. நான் போயி இட்டுகினு வருவேன்."

"கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

சம்பந்தி வெட்கப்பட்டுச் சிரித்தார். "இதப் போயி பொண்ணு வூட்ல யாருங்க சொல்லிகினு இருப்பாங்க? கல்யாணம் ஆயி வூட்டுச் சோறு சாப்ட்டா சரியாப் பூடும்னு நெனச்சேன். எங்கப்பாவுக்கும் இருந்துது. எனக்கும் இருந்துது. பரம்பரங்க."

மூன்று தலைமுறைத் திருட்டுக் குடும்பத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்திருக்கிறோம். இவ்வளவு சாதுவான முகத்தை வைத்துக்கொண்டு எப்படித்தான் செய்தார்களோ என்று எனக்குக் கொஞ்சம் வியப்பாகவும் இருந்தது.

"உங்களுக்குமா?" என்றார் மாமா.

"ஃபேக்டரில சேந்த புதுசுல ரொம்ப அவஸ்தப்பட்டேன். வேல நேரத்துலயே நைசா நழுவிப் பூடுவேன். கூட இருந்தவங்க நல்லவங்க. சூப்பர்வைசர் வந்தா எதுனா சொல்லி சமாளிச்சிடுவாங்க. இப்பல்லாம் கட்டுப்பாட்டுல இருக்குது. வெளியில எங்கயும் கை நனைக்கறதில்ல."

"மாப்பிள்ளைக்கு இன்னா பண்ணப்போறீங்க?"

"எல்லாம் வெளிய வந்துடணும் சம்பந்தி. அதான் நல்லது. அடக்கி வச்சாதான் ஆபத்து."

மாமாவுக்கு இந்தப் பதில் பிடித்துப்போனது. தப்பு செய்த குடும்பமாக இருந்தாலும் ஒளிவுமறைவு இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அதத்தான் நானும் சொல்றன். நீங்க மறைக்காம சொன்னதே எனக்குப் போதும். ஒண்ணே ஒண்ணு கேக்கறன். இதுல போலீசு கீலீசுன்னு வருமா?"

"போலீசு எதுக்குங்க வருது? ஓமத் தண்ணி குடுத்தா நின்னுடும்."

டிவியில் யாரோ சோப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். மாமா சம்பந்தியின் கையை இன்னும் விடவில்லை.

"ஓமத் தண்ணியா?"

"ஆமாங்க. ஓமத்த நல்லா வறுத்துப் போட்டுக் கொதிக்க வச்சி, துளி உப்பு போட்டுக் குடுக்கணும். அந்த ஊர்ல ஓமம் கெடைக்குமான்னுதான் தெரியல."

எனக்கு அப்போதுதான் மண்டையில் பல்பு எரிந்தது. பீச், கூடப் போன எல்லோரும், உள்ளே போவதும் வெளியே வருவதும். வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். மாமா குனிந்து என் காதில் கேட்டார், அதாவது தெருவுக்கே கேட்டார். "போலீசு வந்தா எதுக்கு ஓமத் தண்ணி குடுக்கறாங்க?"

"மாமா, வயிறு" என்றேன். "மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்ல. அவ்வளவுதான்."

அதற்குள் சமையல்கட்டிலிருந்து சம்பந்தியம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். டிவி சத்தத்தையெல்லாம் மாமாவின் ரகசியம் தாண்டிவிட்டிருந்தது.

"யாருங்க போலீசு? யாரப் புடிச்சாங்க?"

சம்பந்திக்கு வேறு வழியில்லை. பையன் பீச்சில் ஏதோ சிப்பியைத் தின்றுவிட்டு ராத்திரியெல்லாம் பேதியாகிக் கிடந்ததைச் சொன்னார். அந்தம்மா கேட்டுவிட்டுக் கரண்டியை ஆட்டினார்.

"வயித்தால போறதுக்கும் போலீசுக்கும் இன்னாங்க சம்மந்தம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவள் என்றால் இந்த மாதிரி நேரத்துக்கு என்று அர்த்தம்.

"அங்கல்லாம் சட்டம் அப்படிங்க" என்றேன். "கெட்டுப்போனத வித்தா கடக்காரன் மேலயே கேசு போடலாமாம். அதத்தான் மாமா கேட்டாரு."

"அப்ப போடச் சொல்லுங்க. அவன வுடக் கூடாது" என்றார் அந்தம்மா. பிறகு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பலாப்பழத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "என் புள்ளைக்கு வயித்தால போவுதுன்னு கேட்டுட்டு, பஸ்ஸு மாறி பஸ்ஸு ஏறி, எங்களத் தேத்தறதுக்கு வந்திருக்கீங்களே. இந்தக் காலத்துல யாரு வருவா?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "நம்ம புள்ளைங்க தான" என்றார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

சாப்பாட்டுக்கு நடுவில் பெண்ணிடமிருந்து போன் வந்தது. இத்தனை மிஸ்டு காலைப் பார்த்து அவளே பயந்துபோயிருந்தாள். இப்போது தேவலாம், கஞ்சி குடித்தார் என்றாள். மாப்பிள்ளை போனை வாங்கி, "என்னால உங்களுக்கு அலைச்சல் மாமா" என்றான். மாமா, "ஒடம்பப் பாத்துக்கங்க மாப்பிள்ள. வேலவெட்டியெல்லாம் அப்பறம்" என்றார். அந்தப் பரிவில் நடிப்பு துளியும் இல்லை. காலையில் அவனை உள்ளே தள்ளியவர், மத்தியானம் அவனை ரசம் வேண்டாம், மோர் ஊற்றிக்கொள்ளச் சொல்கிறார்.

திரும்பும் பஸ்ஸில் நான் யோசித்துக்கொண்டே வந்தேன். குழப்பத்தில் பாதிப் பழியைத்தான் இங்கிலீஷின் மேல் போட முடியும். மீதிப் பாதி நம் பாஷைக்கு. 'அவர் சரியில்லை' என்றால் குணம். 'அவருக்குச் சரியில்லை' என்றால் உடம்பு. நடுவில் ஒரு 'க்கு'தான் வித்தியாசம். மாமா 'மாப்பிள்ள சரியில்ல' என்று சொல்லியிருந்தார். பையனின் வயிற்றையே நினைத்துக்கொண்டிருந்த சம்பந்தி அந்த 'க்கு'வைத் தானாகச் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு இருவரும் அத்தனை நேரம் பேசியதில் ஒரு வார்த்தைகூட இடறவில்லை. திருட்டுக்கும் வயிற்றுப்போக்குக்கும் தமிழில் இவ்வளவு பொதுச்சொல் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு முகம் பேயறைந்தது போலாயிற்று.

"என்னக்கா?"

"பக்கத்து வூட்டுல மட்டும் சொன்னேண்டி. மனசு தாங்கல."

பக்கத்து வீட்டு அம்மா யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார். அந்தச் சத்தியத்தோடு சேர்த்துத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். நாங்கள் பலாச்சுளை தின்றுகொண்டிருந்த நேரத்தில், ஆஸ்திரேலியா மாப்பிள்ளை பேங்கை ஏமாற்றி ஜெயிலில் இருக்கிறான் என்று பால் பூத் வரைக்கும் போயிருந்தது. பேங்க் எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் நான் அந்த அம்மாவிடம் போய், அங்கே க்ரூக் என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "டீச்சர், சொந்தக்காரங்கள விட்டுக்குடுக்க முடியாதுதான். அதுக்காக இங்கிலீஷையே மாத்துவீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த வார்த்தையை உட்கார்ந்து தேடினேன். அக்கா மகளையும் போனில் பிடித்தேன்.

"ஆமா சித்தி, இங்க எல்லாமே க்ரூக்குதான்" என்றாள் அவள். அவள் வேலை செய்யும் இல்லத்தில் இருக்கும் பெரியவர்கள் காலையில் கண் விழித்ததும் சொல்லும் முதல் வார்த்தையே அதுதானாம். முட்டி க்ரூக், பல் க்ரூக், முந்தாநாள் போட்ட சூப் க்ரூக், மழை பெய்தால் வானிலை க்ரூக். சக்கர நாற்காலி சத்தம் போட்டால் அதுவும் க்ரூக். யாராவது கோபப்பட்டுக் கத்தினால் அவர் நம்மேல் க்ரூக் போனார் என்பார்களாம். "நாள் பூரா அதயே கேட்டுக் கேட்டு எனக்கும் வாயில வந்துடுச்சு சித்தி. தப்பா?"

தப்பில்லை என்றேன். நெல்லிக்குப்பம் போன கதையை அவளிடம் அப்போது சொல்லவில்லை.

அகராதி சொன்னது இது. வடக்கே பனிக்கடல் பக்கத்து ஜனங்கள் பேசிய பழைய பாஷையில் கொக்கிக்கு இருந்த பெயர்தான் இங்கிலீஷுக்கு வந்து க்ரூக் ஆனது. முதலில் அது வெறும் வளைந்த சாமான். ஆடு மேய்ப்பவன் கையில் இருக்கும் வளைந்த கழிக்கும் அதே பெயர். வளைந்ததெல்லாம் நேர்மையில்லாதது என்று எந்த ஊரிலும் ஒரு எண்ணம் உண்டு. அதனால் வஞ்சகத்துக்கும், பிறகு வஞ்சகம் செய்கிறவனுக்கும் அதே பெயர் வந்தது. அந்த வார்த்தை கப்பல் ஏறி ஆஸ்திரேலியாவுக்குப் போனதும் அங்கே உள்ளவர்கள் அதை மனிதனோடு நிறுத்தவில்லை. ஒழுங்காக இல்லாத எதற்கும் வைத்தார்கள். சாமானுக்கு, சாப்பாட்டுக்கு, கடைசியில் உடம்புக்கு. சிலர் வேறு மாதிரியும் சொல்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் நோயாளியை 'க்ராங்க்' என்பார்கள். அந்த வழியில் வந்த ஒரு கொச்சைச் சொல், ஓடாத பந்தயக் குதிரைக்கும் தில்லுமுல்லு பந்தயத்துக்கும் ஆஸ்திரேலியாவில் வழங்கியதாம். அதுவும் இதில் கலந்திருக்கலாம் என்கிறார்கள். எது முன், எது பின் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை.

ஜெர்மன் விஷயத்தை மாமாவிடம் சொன்னேன். மைன்ஸில் மண்ணை வாரும் ராட்சத மெஷின்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை என்பதால் அந்த நாட்டின்மேல் அவருக்கு ஒரு தனி மரியாதை. "பாத்தியா, அவன் கரெக்டா தான் பேர் வச்சிருக்கான். நடுவுல வந்தவங்கதான் கெடுத்துட்டாங்க" என்றார்.

மறுநாள் மறுபடி பக்கத்து வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை அகராதியை எடுத்துப் போகவில்லை.

"ஆடு மேய்க்கறவங்க கெளைய வளைச்சி இழுக்க நீளமா ஒரு கழி வச்சிருப்பாங்களே, அதுக்கு உங்க ஊர்ல இன்னாம்மா பேரு?"

"தொரட்டு."

"ஒரு காரியம் சிக்கலாயிட்டா இன்னா சொல்லுவீங்க?"

"தொரட்டாப் பூடுச்சும்பேன்."

"ரெண்டும் ஒரே வார்த்ததான? அவங்க ஊர்லயும் அப்படித்தான். தொரட்டுக் கழிதான் க்ரூக்கு. வயிறு தொரட்டு புடிச்சா அதுவும் க்ரூக்கு."

தானே சொன்ன பதில் என்பதால் அந்த அம்மாவால் மறுக்க முடியவில்லை. "அப்படின்னா எங்க வூட்டுக்காரரு, அவரு செக்‌ஷன்ல ஒருத்தர க்ரூக்கு க்ரூக்குன்னு திட்டிகினே இருக்காரே. அவருக்கு இன்னா ஒடம்புக்கு?"

"அவரு வேற க்ரூக்கும்மா" என்றேன்.

வதந்தி அடங்குவதற்கு அந்த வாரம் முழுக்க ஆயிற்று. வந்த வழியிலேயே திரும்பிப் போனாலும் பால் பூத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, மாப்பிள்ளைக்கு வயிற்றில் ஏதோ கொக்கி மாட்டி ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று ஆகியிருந்தது. ஜெயிலுக்கு ஆஸ்பத்திரி மேல் என்று அக்கா அதை அப்படியே விட்டுவிட்டாள். நாலைந்து பேர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு விசாரிக்கவும் வந்தார்கள்.

பெண்ணிடம் முழுக் கதையையும் தீபாவளிக்கு மாப்பிள்ளையோடு அவள் ஊருக்கு வந்தபோதுதான் சொன்னேன். கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முறை மாமா தன் கைச்செயினைக் காணோம் என்று தேடியபோது, "என்ன சோதன போட்டுப் பாத்துக்கங்க மாமா" என்று மாப்பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். மாமா அன்றைக்குச் சாப்பிடாமலேயே செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனார்.

நெல்லிக்குப்பத்துக்காரர்களுக்கு மட்டும் இன்னும் தெரியாது. அவர்கள் எங்களைப் போல உறவு கொண்டாடுகிறவர்கள் உலகத்தில் இல்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்புவதோடு நின்றால் பரவாயில்லை. திருப்பியும் செய்கிறார்கள். அக்காவுக்குக் கால் சுளுக்கியபோது காலை முதல் பஸ்ஸில் தைலத்தோடு வந்துவிட்டார்கள். எனக்குத் தலைவலி என்று எப்படியோ தெரிந்து, என் வீட்டுக்கும் வந்தார்கள். வரும்போதெல்லாம் சர்க்கரை, கரும்புச் சாறு, முறுக்கு. மாமாவுக்கு இப்போது தும்மல் வந்தால்கூடப் பயம். காய்ச்சலடித்தாலும் மாத்திரையை விழுங்கிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விடுகிறார்.

அக்காவுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. கல்யாணத்தின்போது சம்பந்தியம்மாவோடு சீர்வரிசைத் தட்டைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசாதவள், இப்போது தினமும் மத்தியானம் அவருக்குப் போன் போடுகிறாள். முட்டி வலி, ரத்தக்கொதிப்பு, எந்தக் கீரை எதற்கு என்று ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுகிறது. நேற்று நான் போனபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, போய்க் கிளறு என்று கையைக் காட்டினாள்.